பொது வை-ஃபை உள்நுழைவுப் பக்கம் திறக்காதபோது மடிக்கணினியை ஃபார்மட் செய்யச் சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலிடெக்னிக் ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கணிப்பொறிப் பாடம் நடத்தி ஓய்வுபெற்று, இப்போது வலங்கைமான் வட்டத்தில் வசித்துவருகிறேன். மாலை நேரங்களில் அருகிலுள்ள ஒரு நூலகத்துக்குச் சென்று, அங்குள்ள பொது வை-ஃபையைப் பயன்படுத்த வரும் மாணவர்களுக்கு என்னால் இயன்ற உதவியைச் செய்கிறேன். அங்கே நான் திரும்பத் திரும்பக் காணும் ஒரு தொல்லையைத் தங்கள் நாளிதழ் வழியாகப் பொதுமக்களின் கவனத்துக்கும், இத்தகைய வசதிகளை நடத்துவோரின் கவனத்துக்கும் கொண்டுவர விரும்புகிறேன். சற்று நீண்ட கடிதமாக அமைந்துவிட்டதற்குப் பொறுத்தருள வேண்டும்.

கடந்த ஐப்பசி அடைமழையின்போது, விவசாயக் கூலித் தொழிலாளி ஒருவரின் மகள், போட்டித் தேர்வு ஒன்றுக்கு விண்ணப்பிப்பதற்காகத் தன் அண்ணனுக்குப் பள்ளியில் கிடைத்த அரசு மடிக்கணினியை எடுத்துக்கொண்டு நூலகத்துக்கு வந்தார். வை-ஃபை சேர்ந்துவிட்டது, சிக்னல் கோடுகளும் முழுதாக நின்றன, ஆனால் எந்த இணையப் பக்கத்தைத் திறந்தாலும் ஆங்கிலத்தில் ஓர் எச்சரிக்கைதான் வந்தது. முந்தைய வாரம் இதே இடத்தில் இதே தொல்லை வந்தபோது, 'லேப்டாப்பில் வைரஸ் இருக்கிறது, கடையில் கொடுத்து ஃபார்மட் செய்துகொண்டு வா' என்று அங்கிருந்த யாரோ சொல்ல, அந்தப் பெண்ணும் 600 ரூபாய் செலவழித்து அப்படியே செய்துவிட்டு வந்திருக்கிறார். அந்த மடிக்கணினியில் இருந்த அவருடைய கல்லூரித் திட்ட அறிக்கையும், நான்கு மாதமாகச் சேர்த்து வைத்திருந்த படங்களும் அழிந்துபோயின. தொல்லை மட்டும் போகவில்லை.

நான் அந்த எச்சரிக்கையைப் படித்துப் பார்த்தேன். 'யுவர் கிளாக் இஸ் பிஹைண்ட்' என்று, கடிகாரம் பின்தங்கியிருப்பதை உலாவி தெளிவாகவே எழுதிக் காட்டியிருந்தது. திரையின் மூலையில் ஆண்டு 2013 என்று இருந்தது. மடிக்கணினியின் உள்ளே, தாய்ப்பலகையில் கடிகாரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் நாணய வடிவ பேட்டரி தீர்ந்துவிட்டதால், மின்சாரம் போய் இயந்திரம் முழுதாக அணையும்போதெல்லாம் தேதி பழைய நாளுக்கே திரும்பிக்கொண்டிருந்தது. இணையதளங்கள் தம்மை அடையாளம் காட்டப் பயன்படுத்தும் சான்றிதழ்களுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. பெரும்பாலும் அவற்றின் ஆயுள் சில மாதங்கள் அல்லது ஏறத்தாழ ஓராண்டுதான். 2013-இல் இருப்பதாக நம்பும் மடிக்கணினிக்கு இன்றைய சான்றிதழ்கள் எல்லாமே இன்னும் பிறக்காதவை, ஆகவே அது எதையும் ஏற்க மறுத்தது. தேதியையும் நேரத்தையும் கையால் திருத்தி, நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றியதும் எச்சரிக்கை மறைந்தது. விண்ணப்பத்தை முடிக்கக் கடைசி இரண்டு மணி நேரம் இருந்தது, முடித்துவிட்டார். அந்தச் சிறிய பேட்டரியின் விலை ஐம்பது ரூபாய்க்குள்தான் இருக்கும். அழிந்த அறிக்கையை அவர் மறுபடியும் முதலிலிருந்து எழுதிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு மிகுந்த வேதனையாக இருந்தது.

அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பரில் தொடங்கியது. முதல் சில ஆண்டுகளில் வழங்கப்பட்ட இயந்திரங்கள் அண்ணனிடமிருந்து தங்கைக்கும், அக்காவிடமிருந்து தம்பிக்கும் கைமாறி நம் ஊர்களில் இன்றும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே, பக்கம் திறக்கவில்லை என்றதும் முதலில் பார்க்க வேண்டியது திரையின் மூலையில் உள்ள தேதியைத்தான். அதற்கு ஐந்து நொடி போதும்.

தேதி சரியாக இருந்தும் பக்கம் திறக்காமல் போவதுதான் இன்னும் பரவலாக உள்ள தொல்லை. அதற்கான காரணம் டெல்டா விவசாயிகளுக்கு எளிதில் புரியும். மேட்டூரில் தண்ணீர் திறந்து, கல்லணையைத் தாண்டிக் குடமுருட்டியில் கரை தொட்டு ஓடினாலும், வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகின் ஷட்டரைப் பாசனப் பணியாளரான லஸ்கர் உயர்த்தும்வரை நம் வயலுக்கு ஒரு சொட்டும் இறங்காது. வை-ஃபையின் சிக்னல் கோடுகள் காட்டுவது ஆற்றில் ஓடும் தண்ணீரை மட்டும்தான். பொது வை-ஃபையில் சேர்ந்த மடிக்கணினிக்கு, அந்த வை-ஃபையை வழங்கும் கருவியான ரவுட்டர் ஓர் உள்ளூர் எண் முகவரியைக் கொடுக்கிறது, தளங்களின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் வேலையையும் பெரும்பாலும் அனுமதிக்கிறது. அதற்கு மேல் எதையும் விடாது. நாம் கைப்பேசி எண்ணையும் ஓடிபியையும் கொடுத்து உள்நுழைந்த பிறகுதான் ஷட்டர் உயரும். இந்த உள்நுழைவுப் பக்கம் நம் கண்ணில் படாமல் போய்விடுவதே சிக்கலின் வேர்.

அது ஏன் கண்ணில் படுவதில்லை? உள்நுழையாத ஒருவர் ஏதேனும் ஒரு தளத்தைக் கேட்கும்போது, ரவுட்டர் அந்தக் கோரிக்கையை வழியிலேயே மறித்து, கேட்ட பக்கத்துக்குப் பதிலாகத் தன் உள்நுழைவுப் பக்கத்தை அனுப்புகிறது. 'ஹெச்டிடிபி' என்று தொடங்கும் பழைய முறை முகவரிகள் அஞ்சலட்டையைப் போன்றவை என்பதால், வழியில் இருப்பவர் படிக்கவும் மாற்றவும் முடியும், ஆகவே இந்த மறிப்பு எளிதாக நடந்துவிடும். 'ஹெச்டிடிபிஎஸ்' என்று தொடங்கும் முகவரிகளோ அரக்கு முத்திரையிட்ட உறைகள். அவற்றை இடையில் பிரித்து வேறு தாளை உள்ளே வைத்தால், முத்திரை பொருந்தவில்லை என்று உலாவி உடனே கண்டுபிடித்து நம்மைத் தடுத்துவிடுகிறது. இன்று கூகுள், வங்கிகள், தேர்வு வாரியங்கள் என நாம் நாள்தோறும் திறக்கும் தளங்கள் யாவும் இரண்டாவது வகையைச் சேர்ந்தவை. போதாக்குறைக்கு, நாம் முன்னொட்டு எதுவும் இல்லாமல் தட்டும் முகவரிகளுக்கும் 2021 முதல் குரோம் உலாவி ஹெச்டிடிபிஎஸ்-ஐயே முதலில் முயன்று பார்க்கிறது. பாதுகாப்புக்கு இது நல்ல முன்னேற்றம்தான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் பத்தாண்டுகளுக்கு முன்பு கூகுளைத் திறந்ததும் தானாக வந்து நின்ற உள்நுழைவுப் பக்கம் இப்போது வராததற்கு இதுவே காரணம்.

இதைச் சமாளிக்க இயங்குதளங்களே ஒரு வழி வைத்திருக்கின்றன. விண்டோஸ் மடிக்கணினி வை-ஃபையில் சேர்ந்ததும், மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் மிகச் சிறிய சோதனைப் பக்கம் ஒன்றைப் பழைய முறையில் கேட்டுப் பார்க்கும். எதிர்பார்த்த ஒற்றை வரிக்குப் பதிலாக வேறு ஏதாவது வந்தால், உள்நுழைவு தேவைப்படுகிறது என்று புரிந்துகொண்டு உலாவியைத் திறந்துவிடும். ஆப்பிளும் ஆண்ட்ராய்டும் இதே உத்தியைத்தான் கையாள்கின்றன. அந்தச் சோதனை தவறிப்போகும் நேரங்களில் நாமே அதைச் செய்யலாம். உலாவியின் முகவரிப் பட்டையில் ஹெச்டிடிபி, முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு ஆகியவற்றை முழுமையாகத் தட்டி, அதற்குப் பிறகு 'நெவர் எஸ்எஸ்எல் டாட் காம்' (neverssl.com) என்ற முகவரியைக் கொடுக்க வேண்டும். முத்திரை இல்லாமல் இருப்பதற்கென்றே, இந்தப் பயனுக்காகவே நடத்தப்படும் தளம் அது. ரவுட்டர் அதை மறித்து உள்நுழைவுப் பக்கத்தைக் காட்டிவிடும். நான் பார்த்த வரையில் பத்தில் ஏழெட்டுப் பேருடைய தொல்லை இந்த ஒரு செயலோடு தீர்ந்துவிடுகிறது. அதற்கும் வரவில்லையென்றால், விண்டோஸில் கட்டளைகளைத் தட்டுவதற்கான 'கமாண்ட் பிராம்ப்ட்' சாளரத்தைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' (ipconfig) என்று தட்டி, 'டீஃபால்ட் கேட்வே' என்ற வரிக்கு நேரே உள்ள எண்ணை முகவரிப் பட்டையில் கொடுத்துப் பார்க்கலாம். பல இடங்களில் உள்நுழைவுப் பக்கம் அந்த எண்ணிலேயே இருக்கும்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்தமாகச் சொல்ல வேண்டும். பாதுகாப்பு எச்சரிக்கை வந்ததும், 'அட்வான்ஸ்டு என்பதை அழுத்து, பிறகு புரொசீட் என்பதை அழுத்து, எல்லாம் வந்துவிடும்' என்று விவரம் தெரிந்தவர்களே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். நல்லெண்ணத்தோடு சொல்லப்படும் இந்த ஆலோசனை மிகவும் ஆபத்தானது. பொது இடத்தில் நூலகத்தின் பெயரையோ ரயில் நிலையத்தின் பெயரையோ வைத்து எவர் வேண்டுமானாலும் போலி வை-ஃபை ஒன்றை ஏற்படுத்திவிட முடியும். அப்படிப்பட்ட வலையில் நாம் சேர்ந்து வங்கித் தளத்தைத் திறக்கும்போது, நம்மைக் காப்பாற்ற இருக்கும் முக்கியமான அடையாளம் அந்த எச்சரிக்கைதான். ஒவ்வொரு முறையும் அதைத் தாண்டிச் செல்லப் பழகிய கை, சம்பா பயிர்க் காப்பீட்டுக்கு அப்பாவின் கணக்கிலிருந்து பிரீமியம் செலுத்தும் நாளிலும் அப்படியே தாண்டிச் செல்லும். உள்நுழைவதற்கு முன்பு எச்சரிக்கை வந்தால் அந்தத் தாவலை மூடிவிட்டு மேலே சொன்ன முகவரியைத் திறக்க வேண்டும். உள்நுழைந்த பிறகும் வங்கித் தளத்திலோ அரசுத் தளத்திலோ எச்சரிக்கை வந்தால், தேதியைச் சரிபார்த்துவிட்டு, அதுவும் சரியாக இருந்தால் அந்த வை-ஃபையை விட்டு விலகி, சொந்தக் கைப்பேசியின் டேட்டாவைப் பயன்படுத்துவதே நல்லது. பணம் பறிபோனதாகச் சந்தேகம் எழுந்தால் 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும் என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லி வைப்பது அவசியம்.

மடிக்கணினியில் நாமே செய்து வைத்த மாற்றங்களாலும் உள்நுழைவுப் பக்கம் வராமல் போவதுண்டு. விடுதியில் தங்கிப் படித்த மாணவர் ஒருவர், அங்கே இணையம் வேகமாக வர வேண்டும் என்பதற்காக தளங்களின் பெயரை எண்ணாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சேவையின் முகவரியை 8.8.8.8 என்று நிலையாகப் பதித்து வைத்திருந்தார். பொது வை-ஃபைகள் பலவற்றில் உள்நுழைவுப் பக்கத்தின் பெயர் அந்த இடத்து ரவுட்டருக்கு மட்டுமே தெரியும், வெளியே உள்ள டிஎன்எஸ் சேவையைக் கேட்டால் அப்படி ஒரு பெயரே இல்லை என்றுதான் பதில் வரும். அமைப்பைத் தானியங்கி நிலைக்கு மாற்றியதும் பக்கம் வந்தது. உலாவிக்குள் இருக்கும் 'செக்யூர் டிஎன்எஸ்' என்ற வசதியும் சில நேரங்களில் இதே தடையை உண்டாக்கும், உள்நுழையும்வரை அதை நிறுத்தி வைத்துப் பிறகு மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். சென்னையிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் ஊருக்கு வரும்போது கொண்டுவரும் அலுவலக மடிக்கணினிகளில், அலுவலக வலையோடு பாதுகாப்பாக இணைக்கும் விபிஎன் என்ற வசதி தானாகவே இயங்கத் தொடங்கிவிடும். உள்நுழையாமல் விபிஎன் இணையாது, விபிஎன் இணையாமல் வேறு எந்தப் பக்கத்தையும் அது அனுமதிக்காது. முதலில் விபிஎன்னை நிறுத்தி, உள்நுழைந்த பிறகு மறுபடியும் போட வேண்டும் என்பது இவர்களில் பலருக்கும் தெரியவில்லை. நிறுத்தும் உரிமை தங்களிடம் இல்லையென்றால் அலுவலகத் தொழில்நுட்பப் பிரிவைக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

ஓடிபி கொடுத்து உள்நுழைந்த பிறகும், அடுத்த நாள் வந்தால் மறுபடியும் கேட்கிறதே என்று சிலர் வருந்துகிறார்கள். வை-ஃபை நம்மை அடையாளம் வைத்துக்கொள்வது, மடிக்கணினியின் வை-ஃபை பகுதிக்கு உரிய அடையாள எண்ணான வன்பொருள் முகவரியைக் கொண்டுதான். 'ரேண்டம் ஹார்டுவேர் அட்ரஸஸ்' என்ற விண்டோஸ் வசதி இயக்கத்தில் இருந்து, நாள்தோறும் மாறும்படி வைக்கப்பட்டிருந்தால், நேற்று வந்தவரையே இன்று புதியவராக அது கருதும். தினமும் போகும் நூலகத்துக்கு மட்டும் அதை நிறுத்திக்கொள்ளலாம்.

இனி, வை-ஃபை நடத்துவோரின் பக்கம் உள்ள குறைகளுக்கு வருகிறேன். சனி, ஞாயிறு மாலைகளில் எங்கள் நூலகத்தில் புதிதாக எந்தக் கருவியும் சேர முடியாமல் போவது வழக்கமாக இருந்தது. அப்படிச் சேர முடியாத மடிக்கணினியில் எண் முகவரி 169.254 என்று தொடங்கியிருந்தது. ரவுட்டரிடமிருந்து முகவரி கிடைக்காதபோது மடிக்கணினி தனக்குத் தானே வைத்துக்கொள்ளும் எண் அது. அதைப் பார்த்துவிட்டால், கோளாறு உலாவியிலும் இல்லை, உள்நுழைவுப் பக்கத்திலும் இல்லை என்று தெரிந்துகொள்ளலாம். வழக்கமான சிறிய ரவுட்டர் அமைப்பு ஒன்றில் வழங்குவதற்கு 253 முகவரிகளுக்கு மேல் இருக்காது. ஒருமுறை சேர்ந்த கைப்பேசிகள், அவற்றின் உரிமையாளர்கள் வாசலில் நடந்துபோனாலும் தாமாகவே ஒரு முகவரியைப் பிடித்துக்கொள்கின்றன. பிடித்த முகவரி ஒரு நாள் முழுவதும் அவற்றுக்கே சொந்தம் என்று ரவுட்டரில் பதிந்திருந்தால், பிற்பகலுக்குள் 253-ம் தீர்ந்துவிடும். அந்தக் கால அளவை ஒரு மணி நேரமாகக் குறைத்தாலே போதும், செலவே கிடையாது. இதைச் சொன்னதும் நூலகத்தின் ரவுட்டரைப் பராமரிப்பவர் மாற்றிக் கொடுத்தார், அதன் பிறகு அந்தத் தொல்லை வரவில்லை. பிற இடங்களிலும் இதைச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஓடிபி கேட்பதைப் பற்றிக் குறை சொல்வோரும் இருக்கிறார்கள், அதை நான் ஏற்கவில்லை. பொது வை-ஃபையைப் பயன்படுத்துபவர் யார் என்று பதிவுசெய்ய வேண்டும் என்பது 2009 முதலே தொலைத்தொடர்புத் துறையின் அறிவுறுத்தல், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. ஆனால், நம் டெல்டா மாவட்டங்களிலிருந்து சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் பிழைக்கப் போனவர்கள் எத்தனை ஆயிரம் பேர் என்பது எல்லோருக்கும் தெரியும். விடுமுறைக்கு ஊர் வரும் அவர்களின் வெளிநாட்டு எண்ணுக்குப் பெரும்பாலான உள்நுழைவுப் பக்கங்கள் ஓடிபி அனுப்புவதில்லை, பத்து இலக்கத்துக்கு மேல் தட்டவே விடுவதில்லை. அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு, பொறுப்பாளர் ஒரு தற்காலிக எண்ணை வழங்கும் ஏற்பாடு பல மென்பொருள்களில் ஏற்கெனவே உள்ளது. அதை இயக்கி வைத்தால் போதும்.

நாட்டின் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட ரயில் நிலையங்களில் ரெயில்டெல் நிறுவனத்தின் வை-ஃபை இயங்குகிறது, நாளொன்றுக்கு முதல் அரை மணி நேரம் அதில் இலவசம். பல நாள் இணையம் காணாத மடிக்கணினியை இப்படிப்பட்ட இடத்தில் இணைத்தால், விண்டோஸ் புதுப்பிப்புகள் பின்னணியில் இறங்கத் தொடங்கி, நாம் திறக்க வேண்டிய பக்கத்துக்கு இடமே இல்லாமல் செய்துவிடும். அந்த வை-ஃபையின் பண்புகளுக்குள் சென்று 'மீட்டர்டு கனெக்ஷன்' என்பதை இயக்கிவிட்டால் அந்த இறக்கங்களில் பெரும்பாலானவை நின்றுவிடும். உள்நுழைந்த பிறகும் பக்கங்கள் நகராமல் சுற்றிக்கொண்டிருந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த பிஎம்-வாணி திட்டத்தின்படி, உரிமம் எதுவும் இல்லாமலே ஒரு தேநீர்க் கடையோ மளிகைக் கடையோ வை-ஃபை வழங்க முடியும். ஆகவே இந்த உள்நுழைவுத் தொல்லைகள் இனி நூலகத்தோடும் ரயில் நிலையத்தோடும் நிற்கப்போவதில்லை. பொறியாளர்கள் வருங்காலத்துக்கு வழி செய்திருக்கிறார்கள். மடிக்கணினிக்கு எண் முகவரி கொடுக்கும்போதே உள்நுழைவுப் பக்கத்தின் முகவரியையும் சேர்த்துச் சொல்லிவிடும் முறை ஒன்றை இணையப் பொறியியல் பணிக்குழு 2020-இல் தரப்படுத்தி வெளியிட்டுவிட்டது. புதிய ரவுட்டர் வாங்கும் நிறுவனங்கள் அந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்க வேண்டும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லை. வை-ஃபை வழங்கும் ஒவ்வொரு நூலகத்திலும் ஒவ்வொரு நிலையத்திலும் ஓர் அறிவிப்புப் பலகை, தமிழில், எல்லோர் கண்ணிலும் படும்படி வைக்கப்பட வேண்டும் என்பதே என் கோரிக்கை. 'இங்கு வை-ஃபை வசதி உண்டு' என்ற பலகை எங்கும் இருக்கிறது, அதை எப்படித் திறப்பது என்ற பலகையை நான் எங்கும் பார்த்ததில்லை. நூலக அறிவியலின் தந்தை என்று போற்றப்படும் எஸ்.ஆர். ரங்கநாதன் 1892-இல் நம் சீர்காழியில் பிறந்தவர். 1931-இல் அவர் வகுத்து வெளியிட்ட ஐந்து விதிகளில் நான்காவது, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அவர் பிறந்த மண்ணில் ஒரு மாணவி உள்நுழைவுப் பக்கத்தைத் தேடி ஒரு வாரத்தையும் ஓர் அறிக்கையையும் இழந்தார் என்பதை நூலகத் துறையினர் மனத்தில் கொள்ள வேண்டுகிறேன்.

எங்கள் நூலகத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருக்கும் பலகை வாசகத்தைக் கீழே தருகிறேன். வேறு எந்த ஊரில் யார் வேண்டுமானாலும் இதைத் தங்கள் இடத்துக்கு ஏற்ப மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

'எங்கள் வை-ஃபையின் சரியான பெயர் இது ஒன்றுதான். சேர்ந்த பிறகு பக்கம் திறக்கவில்லையென்றால் முதலில் மடிக்கணினியின் தேதியைப் பாருங்கள். விபிஎன் இருந்தால் நிறுத்துங்கள். பிறகு இங்கே எழுதியுள்ள உள்நுழைவு முகவரியை அப்படியே தட்டுங்கள். பாதுகாப்பு எச்சரிக்கை வந்தால் அதைத் தாண்டிச் செல்லாதீர்கள், எங்களிடம் வந்து சொல்லுங்கள். வெளிநாட்டு எண் வைத்திருப்போர் பொறுப்பாளரிடம் தற்காலிக எண் பெற்றுக்கொள்ளலாம். எந்தக் காரணத்துக்காகவும் இதற்கென்று மடிக்கணினியை ஃபார்மட் செய்ய வேண்டாம்.'

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் ஆசிரியர் ஒருவர்,
வலங்கைமான் வட்டம், திருவாரூர் மாவட்டம்.